சிட்டையைக் கிழிக்காதீர்கள்! கம்ப்யூட்டரில் இடம் தீரும்போது வணிகர் கவனிக்க வேண்டியவை



மளிகை வியாபாரத்தில் இருக்கும் நமக்கு இட நெருக்கடி புதிதல்ல. பருப்பு லோடு வந்து வாசலில் நிற்கும்போது குடோனில் இடம் இல்லையென்றால் என்ன செய்வோம்? வெறும் சாக்குகளை அள்ளி வெளியே போடுவோம். நகராத சரக்கை ஓரம் கட்டுவோம். பக்கத்துக் கடைக்காரரிடம் நாலு நாளைக்கு இடம் கேட்போம். இடம் இல்லை என்பதற்காக நல்ல சரக்கு மூட்டையைத் தூக்கித் தெருவில் எறிய மாட்டோம்.

ஆனால் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்தபோது என் கடையில் அதைத்தான் செய்தோம். தீபாவளி நேரத்தில் நாலரை நாள் கணக்கை இழந்தோம். இன்றைக்குப் பில்லிங் சாப்ட்வேர் இல்லாத மொத்தக் கடையே இல்லை. சில்லறைக் கடைகள் பலவற்றிலும் வந்துவிட்டது. எனவே நான் பட்டதைச் சொன்னால் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு கடையில் உட்கார்ந்தவன். எனக்குப் புரிந்த விதத்தில்தான் சொல்ல முடியும்.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பு

எங்கள் கடை மதுரை கீழமாசி வீதிப் பக்கம். என் தகப்பனார் காலத்தில் கணக்கப்பிள்ளை சிட்டையும் பேரேடும் எழுதினார். 1994-ல் நான் முதல் கம்ப்யூட்டர் வாங்கினேன். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபோது புதிய மெஷினும் புதிய பில்லிங் சாப்ட்வேரும் போட்டோம். அதில் சி டிரைவ் 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; வேகமானது. டி டிரைவ் 1 டி.பி. சாதாரண ஹார்ட் டிஸ்க். சாப்ட்வேர் போட வந்தவர் எல்லாவற்றையும் சி டிரைவிலேயே போட்டுவிட்டுப் போனார். பெரிய குடோன் காலியாகக் கிடக்க, கடை முன்வாசலில் மூட்டை அடுக்கின கதை இது. நாங்களும் கேட்கவில்லை.

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை. தீபாவளி 27-ந் தேதி. காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் லோடு ஆட்டோக்கள் வரிசையாக நிற்கின்றன. திடீரென்று பில் பதிவாகவில்லை. டிஸ்கில் இடம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டான். அவர் எங்கோ வண்டியில் போய்க்கொண்டிருந்தார். “பெரிய பைல் எதுன்னு பாரு, வேண்டாததை அழி” என்றார். பையன் பார்த்தான். ஒரு பைல் மட்டும் 47 ஜி.பி. இருந்தது. கணக்கு பைல் வெறும் 5 ஜி.பி. தான்.

“அண்ணாச்சி, இது ஏதோ லாக் பைலாம். கணக்கு இதுல இல்ல. அழிச்சிரவா?” என்று கேட்டான்.

எனக்கு வாசலில் நிற்கும் ஆட்டோக்கள்தான் கண்ணில் பட்டன. “அழிச்சுத் தொலை, பில்லைப் போடு” என்றேன். ஆகவே குற்றம் பையன் மேல் இல்லை. உத்தரவு கொடுத்தது நான்.

சாப்ட்வேர் ஓடும்போது அந்த பைலை அழிக்க விண்டோஸ் விடாது. பையன் அதை நிறுத்திவிட்டு அழித்தான். அவ்வளவு பெரிய பைல் குப்பைத் தொட்டியிலும் தங்காது, நேரடியாகப் போய்விடும். பிறகு சாப்ட்வேரை மறுபடி ஓட்டினால் கணக்கே திறக்கவில்லை. பில் மட்டுமல்ல, இருப்பு, நிலுவை, பாக்கி எதையும் பார்க்க முடியவில்லை.

எங்களிடம் இருந்த கடைசி பேக்கப் எது தெரியுமா? அக்டோபர் 7-ந் தேதி ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது, நல்ல நாள் என்று பையன் எடுத்து வைத்தது. சரஸ்வதி தாயார்தான் காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிந்தைய நாலரை நாளில் போட்ட ஏறக்குறைய 640 பில்களும் வசூல் வரவுகளும் போயின.

சிட்டையும் பேரேடும்

அன்று இரவு என் மைத்துனர் மகனுக்குப் போன் செய்தேன். அவன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் இந்த டேட்டாபேஸ் வேலையைத்தான் பார்க்கிறான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “மாமா, தாத்தா கடைல சிட்டை எழுதினதைப் பாத்திருக்கீங்கல்ல? நீங்க அழிச்சது அந்தச் சிட்டையை” என்றான். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

பழைய முறையில் நம் கணக்கு எப்படி நடந்தது? வியாபாரம் நடக்க நடக்க ஒவ்வொரு வரவு செலவையும் வரிசையாகச் சிட்டையில் எழுதுவோம். கூட்டம் குறைந்த பிறகு கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துப் பேரேட்டில் அவரவர் பெயருக்குப் பற்று வரவு வைப்பார். இரவு பாதிப் பதிவு முடியாமல் விளக்கு அணைந்தாலும் கவலை இல்லை. காலையில் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எங்கள் பில்லிங் சாப்ட்வேரின் அடியில் இருப்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சர்வர். அதுவும் இதே முறையில்தான் எழுதுகிறது. ஒரு கணக்குக்குக் குறைந்தது இரண்டு பைல்கள். ஒன்று டேட்டா பைல். பெயரின் கடைசியில் எம்.டி.எப். என்று இருக்கும். இதுதான் பேரேடு. மற்றொன்று லாக் பைல்; கடைசியில் எல்.டி.எப். என்று இருக்கும். இதுதான் சிட்டை. நாம் ஒரு பில்லைப் பதிவு செய்தால் முதலில் லாக் பைலில் எழுதிய பிறகுதான் “பதிவாயிற்று” என்று சொல்லும். பேரேட்டு மாற்றத்தை முதலில் மெமரியில் வைத்திருந்து, சற்றுப் பொறுத்து டேட்டா பைலில் இறக்கும். நடுவில் மின்சாரம் போனால், திரும்ப ஓடும்போது லாக் பைலைப் படித்து, முடிந்த பில்லைப் பேரேட்டில் ஏற்றும். பாதியில் நின்றதைத் தள்ளிவிடும்.

இப்போது சிட்டையைக் கிழித்தால் என்ன ஆகும்? பேரேட்டில் எது ஏறியது, எது ஏறவில்லை என்று சாப்ட்வேருக்கே தெரியாது. தப்பான கணக்கைக் காட்டுவதைவிடக் கணக்கைத் திறக்காமல் இருப்பதே மேல் என்று அது கதவை மூடிக்கொள்கிறது. யோசித்துப் பார்த்தால் நல்ல கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் செய்வார்.

லாக் இல்லாமலே கட்டாயமாகத் திறக்க ஓர் அவசர வழி இருக்கிறதாம். ஆனால் அந்தக் கட்டளையின் பெயரே “டேட்டா போனாலும் பரவாயில்லை” என்ற பொருளில்தான் இருக்கிறது என்றான். கணக்கு ஒத்துப்போகும் என்று உத்தரவாதம் இல்லாததால் நாங்கள் பேக்கப்பையே திரும்பப் போட்டோம். இடையில் போன பில்களைக் கையால் ஏற்றினோம்.

இரண்டு பேர் மூன்று நாள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். கம்பியில் குத்தி வைத்த பில் நகல்களைப் பார்த்து, அதே எண், அதே தேதி, அதே தொகை என்று ஏற்ற வேண்டும். ஜி.எஸ்.டி.யில் பில் எண் வரிசை விட்டுப்போகக் கூடாதல்லவா? வசூல் தொகையை லைனுக்குப் போகும் பையன்களின் நோட்டைப் பார்த்து ஏற்றினோம். அப்படியும் 11 பில்களுக்கு நகல் கிடைக்கவில்லை. யாருக்குப் போட்டது என்றுகூடத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர் சரக்கு எடுக்க வந்தார். விஷயம் காதில் விழுந்ததும் மடித்து வைத்திருந்த பில்லை எடுத்து, “அண்ணாச்சி, இது உங்க கணக்குல இருக்கான்னு பாருங்க” என்றார். 18,400 ரூபாய் கடன் பில். எங்கள் கணக்கில் இல்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே தெரியாது. பதினொன்றில் ஒன்பது பில்கள் இப்படி வாங்கினவர்களே கொண்டுவந்து காட்டித்தான் கணக்கில் ஏறின. மற்ற இரண்டும் யாருடையவை என்று இன்று வரை தெரியாது. சில்லறை வணிகர்களின் நாணயம் அன்று என்னைக் காப்பாற்றியது. ஆனால் பிறர் நாணயத்தை நம்பி நம் கணக்கைக் கவனிக்காமல் விடலாமா?

சிட்டை ஏன் பருத்தது?

5 ஜி.பி. பேரேட்டுக்கு 47 ஜி.பி. சிட்டை எப்படி வந்தது? எழுதி முடித்த சிட்டைப் பக்கத்தை எப்போது விடுவிக்கலாம் என்பதற்கு எஸ்.கியூ.எல். சர்வரில் ஓர் ஏற்பாடு உண்டு. இதில் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று ‘சிம்பிள்’. பேரேட்டில் ஏறிய பக்கங்களை சாப்ட்வேரே விடுவித்து, அதே இடத்தில் மறுபடி எழுதிக்கொள்ளும். சிட்டை பெரும்பாலும் பருக்காது. ஆனால் கெட்டுப்போனால் கடைசியாக எடுத்த பேக்கப் வரைதான் திரும்ப முடியும்.

மற்றொன்று ‘புல்’. லாக் பைலுக்கென்று தனியாக பேக்கப் எடுக்கும்வரை ஒரு பக்கத்தையும் விடுவிக்காது. சிட்டைக்கு நகல் எடுக்காமல் கணக்கப்பிள்ளை அதைக் கையிலிருந்து விடமாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் லாபம் உண்டு. மணிக்கொரு முறை லாக் பேக்கப் எடுத்தால், டேட்டா பைல் கெட்டாலும் அதிகம் போனால் ஒரு மணி நேரக் கணக்குதான் போகும். ஆனால் லாக் பேக்கப் எடுக்கவே இல்லையென்றால் சிட்டை டிஸ்க் நிரம்பும்வரை பருத்துக்கொண்டே போகும். முழு பேக்கப் மட்டும் எடுத்தால் போதாது. அது சிட்டைப் பக்கங்களை விடுவிக்காது.

எங்களுடையது ‘புல்’ ஏற்பாட்டில் இருந்தது. சாப்ட்வேர்காரர் தம் அலுவலகத்தில் தயார் செய்த கணக்கை அப்படியே எங்கள் மெஷினில் இறக்கியதால் அந்த ஏற்பாடும் கூடவே வந்துவிட்டது. 2017 முதல் ஒருநாளும் லாக் பேக்கப் எடுக்கவில்லை. போதாக்குறைக்குத் தேடும் வேகத்துக்காக சாப்ட்வேர் தினமும் இரவு இன்டெக்ஸைப் புதுப்பிக்கும். அந்த வேலையும் சிட்டையில் ஏறும். இரண்டேகால் வருடத்தில் 47 ஜி.பி. ஆனதில் வியப்பில்லை.

இதில் எனக்கு மிகவும் உறைத்த விஷயம் ஒன்று உண்டு. அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் கணக்குக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. எழுத இடமில்லை, அவ்வளவுதான். பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். புதிதாக எழுத முடியாது. கெடுதல் வந்தது நாங்கள் கை வைத்த பிறகு. சி டிரைவிலேயே ஆளுக்கொன்றாகக் கிடந்த நாலு பழைய பேக்கப்புகள் மட்டும் 20 ஜி.பி. அடைத்திருந்தன. அவற்றை டி டிரைவுக்கு மாற்றியிருந்தால் பத்து நிமிடத்தில் பில் போட ஆரம்பித்திருப்போம்.

பில்லை அழித்தால் பைல் சிறுக்காது

“பழைய வருடத்துப் பில்களை அழித்துவிட்டால் இடம் வருமே” என்று பலர் நினைக்கிறார்கள். வராது. இது இன்று நேற்று வந்த சங்கதி அல்ல. டாஸ் காலத்தில் பாக்ஸ்புரோவில் பில் போட்டவர்களுக்கு நினைவிருக்கும். ‘டிலீட்’ கொடுத்தால் அடையாளம் மட்டும்தான் விழும். வரி அங்கேயே இருக்கும். ‘பேக்’ என்ற கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் நீங்கும். அந்த ‘பேக்’ ஓடும்போது மிச்சக் கணக்கை வேறொரு பைலில் நகல் எடுக்கும். ஆகவே இடம் முழுவதும் தீர்ந்த பிறகு கொடுத்தால் ஓடாது. ஆக்ஸஸ் கணக்குகளில் உள்ள ‘காம்பாக்ட்’ என்பதும் அப்படியே. இடம் இருக்கும்போதே சுத்தம் செய்ய வேண்டும் என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

எஸ்.கியூ.எல். சர்வரிலும் பில்களை அழித்தால் பைலுக்குள்ளே காலியிடம் உண்டாகும். பைலின் அளவு அப்படியே இருக்கும். குடோனுக்குள் மூட்டை குறைந்தால் குடோன் சிறுத்துவிடுமா? அந்தக் காலியிடத்தில் புதுப் பில்கள் ஏறும். இன்னொன்று, அழிப்பதும் ஒரு பதிவுதான். பத்தாயிரம் பில்களை ஒரே மூச்சில் அழித்தால் அத்தனையும் சிட்டையில் ஏறி, இருக்கிற இடமும் போய்விடும்.

டேட்டா பைலைச் சுருக்க ‘ஷ்ரிங்க்’ என்ற கட்டளை உண்டு. அது பின்பக்கத்து மூட்டைகளைத் தூக்கி முன்பக்கத்தில் கிடைத்த சந்துகளில் செருகும். பைல் சிறுக்கும், ஆனால் வரிசை குலைந்து தேடுவது மெதுவாகும். இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டிவரும். அதற்கு மீண்டும் இடம் வேண்டும். எனவே தினமும் ‘ஷ்ரிங்க்’ ஓடும்படி வைப்பது தவறு. பெரிய அளவில் கணக்கைப் பிரித்து வெளியே எடுத்த பிறகு, என்றோ ஒருமுறை செய்யலாம்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது

இடத்துக்காகப் பழைய பில்லை அழிப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, அந்த ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். உதாரணமாக 2023-24-ம் ஆண்டுக்கு அந்தக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை அந்த ஆண்டுக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். அப்பீல் அல்லது விசாரணை நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அல்லது இந்த 72 மாதங்கள், எது பிந்தியதோ அதுவரை. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குக் கம்பெனிச் சட்டப்படி 8 ஆண்டுகள்.

ஜி.எஸ்.டி. விதிகளில் 56-வது விதி, எழுதிய பதிவை அழிக்கக் கூடாது என்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் திருத்தினாலும் நீக்கினாலும் அதற்கும் பதிவு இருக்க வேண்டும். 57-வது விதி, கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருப்பவர்கள் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்றும், விபத்தில் கணக்கு அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் அதைத் திரும்பக் கொண்டுவரும்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது பேக்கப் எடுப்பது நம் இஷ்டத்தைப் பொறுத்தது அல்ல, கடமை.

இடம் குறைந்தால் வரிசையாகச் செய்ய வேண்டியது

முதலில் எந்த டிரைவில் எவ்வளவு இடம் இருக்கிறது, எந்த பைல் எவ்வளவு அடைக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் மெஷினில் விண்டோஸுக்கும் மற்ற சாப்ட்வேர்களுக்கும் 38, லாக் 47, கணக்கு 5, பழைய பேக்கப் 20 ஜி.பி. ஆக மொத்தம் 110. டிஸ்க் பெட்டியில் 120 என்று இருந்தாலும் விண்டோஸ் 111 என்றுதான் காட்டும். செய்கிறவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது, ஏமாற்று அல்ல.

அடுத்து, கணக்குக்குச் சம்பந்தமில்லாதவற்றை நீக்குங்கள். டவுன்லோடில் கிடக்கும் படங்கள், தற்காலிக பைல்கள், குப்பைத் தொட்டி ஆகியவற்றைக் காலி செய்யுங்கள். பழைய பேக்கப்புகளை வேறு டிஸ்குக்கு நகல் எடுத்து, நகல் சரியாக வந்ததா என்று பார்த்த பிறகு இங்கே அழியுங்கள். பெரும்பாலும் இதிலேயே அன்றைய வியாபாரம் ஓடிவிடும்.

மூன்றாவதாக, வேறு டிஸ்கில் முழு பேக்கப் எடுங்கள். இது முடியாமல் கணக்கு பைல்களில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

நான்காவதாக, லாக் பெருத்திருந்தால், தெரிந்தவரை வைத்து லாக் பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். அல்லது யோசித்து ‘சிம்பிள்’ ஏற்பாட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு லாக் பைலை ஒரே ஒருமுறை, தேவையான அளவுக்குச் சுருக்கலாம். அடியோடு சுருக்கினால் மறுபடி வளரத்தான் போகிறது. அவசரமென்றால் அடுத்த டிரைவில் இரண்டாவது லாக் பைல் சேர்த்து அன்றையப் பொழுதை ஓட்டவும் வழி உண்டு; கூட்டம் குறைந்ததும் சரிசெய்து அதை நீக்கிவிட வேண்டும்.

ஐந்தாவதாக, டிரைவே சிறியது என்றால் கணக்கு பைல்களைப் பெரிய டிரைவுக்கு மாற்றலாம். ஆனால் மூட்டையைத் தூக்கி வைப்பதுபோல் பைலை மட்டும் இழுத்துப் போட்டால் சாப்ட்வேர் பழைய விலாசத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். முறைப்படி கணக்கை நிறுத்தி, பைலை நகல் எடுத்து, புதிய விலாசத்தை சாப்ட்வேருக்குச் சொல்லி, திறந்து பார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செய்யத்தக்க வேலை. தீபாவளி நேரத்தில் அல்ல. நடப்புக் கணக்கைப் பென் டிரைவில் வைத்து ஓட்டுவதும் வேண்டாம். அது பேக்கப் கொண்டுபோகத்தான் லாயக்கு.

பத்து ஜி.பி. என்ற எல்லை

டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும் பதிவு நின்றுபோகலாம். நம் கடைகளில் பெரும்பாலும் போட்டிருப்பது எஸ்.கியூ.எல். சர்வரின் இலவசப் பதிப்பான ‘எக்ஸ்பிரஸ்’. 2005, 2008 பதிப்புகளில் ஒரு கணக்கின் டேட்டா பைலுக்கு 4 ஜி.பி. எல்லை. 2008 ஆர்2 பதிப்பிலிருந்து 10 ஜி.பி. 2025 பதிப்பில் 50 ஜி.பி. ஆக்கிவிட்டார்கள். பழைய மெஷின்களில் பழைய எல்லைதான். லாக் பைல் இந்தக் கணக்கில் சேராது. உங்கள் கணக்கு எந்தப் பதிப்பு, இப்போது எத்தனை ஜி.பி. என்று சாப்ட்வேர்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எல்லையை நெருங்கினால் புதிய பதிப்புக்கு மாறுவது அல்லது ஆண்டுவாரியாகக் கணக்கைப் பிரிப்பதுதான் வழி. டாலியிலும் ஆண்டுவாரியாகப் பிரிக்கும் வசதி உண்டு. எதில் பிரித்தாலும் முதலில் பேக்கப். பிறகு புதுக் கணக்கின் ஆரம்ப இருப்பும் நிலுவையும் பழையதின் முடிவோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். பிரித்த பழைய கணக்கைத் திறந்து பார்க்கும்படி பத்திரமாக வைத்திருங்கள்.

எத்தனை பில் போனால் தாங்குவீர்கள்?

‘சிம்பிள்’ நல்லதா, ‘புல்’ நல்லதா என்று மைத்துனர் மகனிடம் கேட்டேன். அவன் திருப்பிக் கேட்டான்: “மாமா, எத்தனை பில்லை உங்களால கையால மறுபடி ஏத்த முடியும்?”

அதுதான் கணக்கு. நாளொன்றுக்கு முப்பது பில் போடும் கடைக்கு, தினம் இரவு முழு பேக்கப்பும் ‘சிம்பிள்’ ஏற்பாடும் போதும். மிஞ்சிப்போனால் ஒருநாள் பில், ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். நாளொன்றுக்கு நூற்றைம்பது பில் போடும் எங்களுக்கு ‘புல்’ ஏற்பாடும் மணிக்கொரு லாக் பேக்கப்பும் வைத்துக் கொடுத்தான். ‘எக்ஸ்பிரஸ்’ பதிப்பில் நேரம் வைத்துத் தானாக பேக்கப் எடுக்கும் பகுதி கிடையாது என்பதைக் கவனியுங்கள். விண்டோஸில் உள்ள நேர ஏற்பாட்டைக் கொண்டு செய்ய வேண்டும். “தானாக எடுக்கும்” என்று யாராவது சொன்னால், எங்கே எடுக்கிறது, காட்டு என்று கேளுங்கள்.

பேக்கப் இருப்பது வேறு, அது திறப்பது வேறு. மூன்று மாதத்துக்கொரு முறை வேறு மெஷினில் திறந்து, பத்துப் பெயர்களின் நிலுவையை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பேக்கப் டிஸ்கை எப்போதும் மெஷினிலேயே சொருகி வைப்பதும் தவறு. வைரஸ் வந்து கணக்கைப் பூட்டினால் சொருகியிருக்கும் பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டிவிடும். எங்களுடைய இரண்டு டிஸ்குகளில் ஒன்று கடையில், ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கும். வெள்ளிதோறும் மாற்றிக்கொள்கிறோம்.

கடைச் சுவரில் ஒட்டி வைக்க

1. இடமில்லை என்று வந்தால் பதறாதீர்கள். கணக்கு இருக்கிறது, எழுத இடமில்லை, அவ்வளவே. கொஞ்ச நேரம் கையால் பில் எழுதிக் கொடுங்கள்.

2. எம்.டி.எப்., எல்.டி.எப். என்று முடியும் பைல்களை யார் சொன்னாலும் அழிக்காதீர்கள்.

3. முதலில் பேக்கப், அதுவும் வேறு டிஸ்கில். பிறகுதான் எந்த வேலையும்.

4. டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

5. சனிக்கிழமைதோறும் டிரைவின் காலியிடம், டேட்டா பைல் அளவு, லாக் பைல் அளவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால் எப்போது நிறையும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

6. பைல் வளரும் ஏற்பாடு சதவிகிதத்தில் இருந்தால், குறிப்பிட்ட எம்.பி. அளவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பெரிய பைல் பத்து சதவிகிதம் வளர்ந்தால் ஒரே தாவலில் இடத்தை விழுங்கிவிடும்.

7. தீபாவளி, பொங்கல் வியாபாரம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இதையெல்லாம் பார்த்து முடித்துவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை நோட்டை எங்கள் கடையில் பையன் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். குடோன் சாவியைப் போலத்தான் இதுவும், முதலாளி கையில் இருக்க வேண்டிய பொறுப்பு. பையன் இன்னும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதற்கு முன்னால் பேக்கப் எடுக்கும் வழக்கத்தையும் அவன் விடவில்லை. இப்போது மற்ற நாட்களிலும் எடுக்கிறான்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். வணிகருக்குச் சரக்கு போனால் திரும்ப வாங்கலாம். கணக்கு போனால் யாரிடம் வாங்குவது? இந்த வாரமே உங்கள் மெஷினில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள், நண்பர்களே.

வணிகம் செழிக்கட்டும்!